கொலஸ்ட்ராலுக்கு மாத்திரையா, மூலிகையா?

திருப்பூரில் சனிக்கிழமை சம்பள நாள். ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் என் கிளினிக்கில் கூட்டம். வாரம் முழுக்க ஒன்றரை ஷிப்ட் ஓட்டியவர்களுக்கு உடம்பைப் பற்றி நினைக்க அன்றைக்குத்தான் நேரம் கிடைக்கிறது.

அப்படி ஒரு ஞாயிறு, மனைவியோடு வந்தார் ஒரு கட்டிங் மாஸ்டர். வயது 52. கையில் மஞ்சப்பை. அதற்குள் ஆஸ்பத்திரி ஃபைல், ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட், பாதி தீர்ந்த மாத்திரை அட்டை, யாரோ கொடுத்த மூலிகைப் பொடி டப்பா.

“ரெண்டு வருசத்துக்கு முந்தி ஹார்ட்டுல ஸ்டென்ட் வெச்சாங்க டாக்டர். கொலஸ்ட்ரால் மாத்திரையை விடாம சாப்பிடச் சொன்னாங்க. லிவர் போயிரும், கிட்னி போயிரும்னு கம்பெனியில பசங்க பயமுறுத்தறாங்க. ரெண்டு மாசமா நிறுத்திட்டனுங்க. இப்ப இந்தப் பொடிதான். நீங்க நல்ல சூரணமா ஒண்ணு குடுத்தீங்கன்னா அதையே வெச்சு ஓட்டிக்குவேன்...”

ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தேன். மாத்திரை சாப்பிட்ட காலத்தில் கெட்ட கொலஸ்ட்ராலான எல்.டி.எல். 68. இப்போது 142.

“மாஸ்டர், சூரணத்தை அப்புறம் பேசலாம். நாளைக்கே உங்க ஹார்ட் டாக்டரைப் பார்த்து மாத்திரையை மறுபடி ஆரம்பிங்க” என்றேன்.

அவர் முகம் வாடிவிட்டது. மனைவிதான் கேட்டார்: “என்னங்க டாக்டர், சித்த வைத்தியரு நீங்களே இப்படிச் சொன்னா எப்படீங்க?”

நியாயமான கேள்வி. அந்த அம்மாவுக்குச் சொன்ன பதிலைத்தான் உங்களுக்கும் சொல்லப் போகிறேன்.

முதலில் ரிப்போர்ட்டைப் படிக்கக் கற்றுக்கொள்வோம்

கொலஸ்ட்ரால் விஷம் அல்ல. உடம்பின் ஒவ்வொரு செல்லுக்கும் அது தேவை. பித்தநீர், சில ஹார்மோன்கள், வைட்டமின் டி எல்லாம் அதிலிருந்துதான் உருவாகின்றன. அதில் பெரும்பகுதியை நம் ஈரலே தயாரித்துக்கொள்கிறது. சாப்பாட்டில் வருவது கொஞ்சம்தான். ‘நான் முட்டைகூடத் தொடுவதில்லை, எனக்கு எப்படி கொலஸ்ட்ரால்?’ என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

ரிப்போர்ட்டில் மொத்தக் கொலஸ்ட்ராலை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடாதீர்கள். பார்க்க வேண்டியவை நான்கு.

எல்.டி.எல். – ரத்தக் குழாய்ச் சுவரில் படிகிற வகை. அதிகமானால் ஆபத்து.

எச்.டி.எல். – நல்ல வகை என்பார்கள். ஆண்களுக்கு 40க்கு மேலும் பெண்களுக்கு 50க்கு மேலும் இருப்பது நல்லது.

டிரைகிளிசரைடு – 150க்குள் இருக்க வேண்டும். இனிப்பும் சாராயமும் இதை ஏற்றிவிடும். 500ஐத் தாண்டினால் கணையத்துக்கே ஆபத்து.

மொத்தத்தில் எச்.டி.எல்.லைக் கழித்தால் வருவது – இந்தக் கணக்கை நீங்களே போடலாம். மொத்தம் 220, எச்.டி.எல். 40 என்றால் மீதி 180. சாதாரண ஆளுக்கு இது 130க்குள் இருக்க வேண்டும்.

இந்திய இருதய மருத்துவர் சங்கம் 2024ல் வெளியிட்ட வழிகாட்டியில், எல்.டி.எல். அளவை ஆளுக்கு ஆள் பிரித்துச் சொல்லியிருக்கிறார்கள். வேறு ஆபத்து இல்லாதவருக்கு 100க்குள். ஆபத்து அதிகமுள்ளவருக்கு 70க்குள். மாரடைப்பு வந்தவர், ஸ்டென்ட் வைத்தவர் போன்ற மிக அதிக ஆபத்து உள்ளவர்களுக்கு 55க்குள். ஆகவே, பக்கத்து வீட்டுக்காரருக்கு 110 இருந்து டாக்டர் ஒன்றும் சொல்லவில்லை என்பதை வைத்து நீங்கள் நிம்மதி அடைய முடியாது!

இன்னொன்று. கொலஸ்ட்ரால் ஏறினால் பெரும்பாலும் எந்த அறிகுறியும் கிடையாது. வலிக்காது, மயக்கம் வராது. முப்பது வருஷமாக நாடி பார்க்கிறேன். எந்த நாடியிலும் எல்.டி.எல். 142 என்று எனக்குத் தெரிந்ததில்லை. ரத்தப் பரிசோதனை ஒன்றுதான் வழி.

மாத்திரை என்ன செய்கிறது?

ஈரலை ஒரு பனியன் கம்பெனி என்று வைத்துக்கொள்ளுங்கள். இரவு பகலாகக் கொலஸ்ட்ரால் என்ற சரக்கைத் தயாரித்து ரத்தம் என்ற ரோட்டில் அனுப்பிக்கொண்டே இருக்கிறது. ரோட்டில் சரக்கு தேங்கினால் ஓரத்தில் கொட்டிக் கிடக்கும். அதுதான் அடைப்பு.

‘ஸ்டாட்டின்’ வகை மாத்திரைகள் அந்தக் கம்பெனியின் முக்கியமான ஒரு மெஷினை மெதுவாக ஓட வைக்கின்றன. உற்பத்தி குறைந்ததும் கம்பெனி என்ன செய்யும்? ரோட்டில் நிற்கிற சரக்கையே குடோன் ஷட்டரைத் திறந்து உள்ளே இழுத்துக்கொள்ளும். ரத்தத்தில் எல்.டி.எல். இறங்குவது இப்படித்தான். குறைந்த அளவு மாத்திரைக்கே 30 சதவீதத்துக்கு மேல் இறங்கும். அதிக அளவில் பாதியாகக் குறையும்.

இந்த மருந்து எங்கிருந்து வந்தது தெரியுமா? ஜப்பானில் அகிரா எண்டோ என்ற விஞ்ஞானி ஆயிரக்கணக்கான பூஞ்சைகளைச் சோதித்து, 1973ல் ஒரு பச்சைப் பூஞ்சையில் முதல் ஸ்டாட்டினைக் கண்டுபிடித்தார். பழம், அரிசி, ரொட்டியில் பூக்கிற பூஞ்சைகளின் உறவுக்காரப் பூஞ்சை அது! பிறகு இன்னொரு பூஞ்சையிலிருந்து எடுத்த லோவாஸ்டாட்டினுக்கு அமெரிக்கா 1987ல் அனுமதி கொடுத்தது. சீனாவில் சமையலுக்கும் வைத்தியத்துக்கும் பயன்படுகிற சிவப்புப் பூஞ்சை அரிசியிலும் இதே பொருள்தான் இருக்கிறது. ‘இது இயற்கை, அது ரசாயனம்’ என்று நாம் போடுகிற கோடு அவ்வளவு நேரானதல்ல.

இறங்குவது வெறும் எண் மட்டும்தானா? 1994ல் வடஐரோப்பிய நாடுகளில் ஏற்கெனவே இருதய நோய் உள்ள 4,444 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு வெளியானது. பாதிப் பேருக்கு சிம்வாஸ்டாட்டின், பாதிப் பேருக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை. ஐந்தரை வருஷத்துக்குச் சற்றுக் குறைவான காலம். வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 256 பேர் இறந்தார்கள். மருந்து சாப்பிட்டவர்களில் 182 பேர். 74 உயிர் வித்தியாசம். கொலஸ்ட்ராலுக்கு நாங்கள் கொடுக்கும் எந்த மூலிகைக்கும் இன்று வரை இப்படிப்பட்ட ஒரு கணக்கு இல்லை. எங்கள் துறையைச் சேர்ந்தவன் என்பதால் இதை நானே சொல்வதுதான் முறை.

குக்குலு சொல்லும் பாடம்

மூலிகையை யாருமே சோதிக்கவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். நம் நாட்டிலேயே ஒரு பெரிய முயற்சி நடந்தது.

ராஜஸ்தான், குஜராத் வறண்ட நிலங்களில் வளரும் முள்மரத்தின் பிசின் குக்குலு. நாட்டு மருந்துக் கடையில் மைசாட்சி என்று கேட்டாலும் தருவார்கள். உடல் கொழுப்பு நோய்க்கு அதைச் சொல்லும் பழைய ஆயுர்வேதக் குறிப்பைப் படித்த சத்தியவதி என்ற ஆராய்ச்சி மாணவி, 1960களில் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் முயல்களுக்குக் கொடுத்துச் சோதித்தார். கொலஸ்ட்ரால் குறைந்தது. பின்னாளில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமைப் பொறுப்புக்கே வந்தவர் அவர். லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையம் அந்தப் பிசினிலிருந்து சாறெடுத்து, 1980களின் பிற்பகுதியில் அது கொலஸ்ட்ரால் மருந்தாகவே விற்பனைக்கு வந்தது. 61 பேரிடம் நடந்து 1994ல் வெளியான ஒரு இந்திய ஆய்வில், குக்குலு சாப்பிட்டவர்களுக்கு எல்.டி.எல். 12.5 சதவீதம் குறைந்ததாகக் காட்டினார்கள்.

நாங்களெல்லாம் எவ்வளவு பெருமைப்பட்டோம்!

அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 103 பேரிடம் எட்டு வாரம் மறுபடி சோதித்து, 2003ல் அந்த ஆய்வை வெளியிட்டார்கள். யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. முடிவு? குக்குலு சாப்பிட்டவர்களுக்கு எல்.டி.எல். 4, 5 சதவீதம் ஏறியிருந்தது! வெற்று மாத்திரைக்காரர்களுக்கு 5 சதவீதம் இறங்கியிருந்தது. சிலருக்குத் தோலில் தடிப்பும் வந்தது.

உணவுப் பழக்கம் வேறு, உடல்வாகு வேறு என்று சமாதானம் சொல்லலாம். நானும் சொல்லிப் பார்த்தேன். ஆனால் ஒரு இடத்தில் இறக்கி இன்னொரு இடத்தில் ஏற்றுகிற மருந்தை நம்பி, மாரடைப்பு வந்த ஒருவரின் மாத்திரையை நிறுத்தச் சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

நான் செய்த தவறு

இதை எழுத வேண்டாமா என்று யோசித்தேன். எழுதாவிட்டால் கட்டுரைக்கு அர்த்தமில்லை.

1999ம் வருஷம். படிப்பு முடித்து வந்து நாலைந்து வருஷம்தான் ஆகியிருந்தது. நிட்டிங் மெஷின் ஓட்டுகிற ஒருவர் வந்தார். ஒரு முறை மாரடைப்பு வந்து தப்பித்தவர். குக்குலு சேர்ந்த மாத்திரையும் மருதம்பட்டைச் சூரணமும் கொடுத்தேன். போகும்போது, “அப்ப அந்த இங்கிலீஷ் மாத்திரையை விட்டர்லாமுங்களா?” என்று கேட்டார்.

நிறுத்துங்கள் என்று நான் சொல்லவில்லை. நிறுத்தாதீர்கள் என்றும் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். என் மருந்தின் மேல் ஒருவருக்கு அவ்வளவு நம்பிக்கை என்பதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

எட்டு மாதம் கழித்து அவர் மனைவி மட்டும் வந்தார். கையில் என் மருந்து டப்பா. “இதுல பாதி மீதி இருக்குதுங்க. வேற யாருக்காச்சும் ஆகுமுங்களா?” என்று மேஜை மேல் வைத்தார்.

மாத்திரை சாப்பிட்டிருந்தால் அவர் பிழைத்திருப்பாரா? உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் அந்த 74 உயிர்க் கணக்கு அப்போதே வெளியாகி ஐந்து வருஷம் ஆகியிருந்தது. நான் படிக்கவில்லை. அன்றிலிருந்து யார் அந்தக் கேள்வியைக் கேட்டாலும் நான் பேசாமல் இருப்பதில்லை.

சமையலறை மருந்துகள் – எது எவ்வளவு?

அப்படியானால் மூலிகையும் உணவும் வீணா? இல்லவே இல்லை. ஒவ்வொன்றுக்கும் உள்ள பலத்தைச் சரியாக எடை போட்டுக்கொண்டால் போதும்.

பூண்டு: தினம் நாலு பல் பூண்டு தின்றால் கொலஸ்ட்ரால் கரையும் என்பது நம் ஊரில் வேதவாக்கு. 2007ல் வெளியான அமெரிக்க ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வில் 192 பேருக்கு ஆறு மாதம் பச்சைப் பூண்டும் பூண்டு மாத்திரைகளும் கொடுத்துப் பார்த்தார்கள். எல்.டி.எல். அசையவில்லை. ரசத்தில் போடுங்கள், ருசியாக இருக்கும். மருந்தென்று நம்பாதீர்கள். ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் பூண்டு கேப்ஸ்யூலை டாக்டரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது.

இசப்கோல் உமி: மலச்சிக்கலுக்கு மட்டும்தான் என்று நினைக்கிறோம். தண்ணீரில் கரைந்து வழவழப்பாகும் இதன் நார்ச்சத்து, குடலில் பித்தநீரைப் பிடித்து வெளியே தள்ளுகிறது. அதை ஈடுகட்ட ஈரல் ரத்தத்திலிருக்கும் கொலஸ்ட்ராலை எடுத்துக்கொள்கிறது. தினமும் எடுத்தால் எல்.டி.எல். 5 முதல் 10 சதவீதம் வரை குறையும். நிறையத் தண்ணீரோடு குடிக்க வேண்டும். மற்ற மாத்திரைகளுக்கும் இதற்கும் இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

வெந்தயம்: இதுவும் வழவழப்பு நார்தான். ஒரு ஸ்பூன் இரவில் ஊற வைத்துக் காலையில் சாப்பிடலாம். நல்லது செய்வதாகச் சிறு ஆய்வுகள் உண்டு. சர்க்கரையையும் குறைக்கும் என்பதால் சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர்கள் கவனிக்க வேண்டும்.

கொள்ளு, பயறு வகைகள்: ‘கொழுத்தவனுக்குக் கொள்ளு’ என்று பழமொழி இருக்கிறது. நம் கொங்கு நாட்டுச் சமையலில் கொள்ளுப் பருப்புக்கும் கொள்ளு ரசத்துக்கும் தனி இடம். கொள்ளு கொழுப்பைக் கரைக்கும் என்று தனியாக நிரூபிக்கவில்லை. ஆனால் தினம் ஒரு கிண்ணம் பருப்பு, பயறு, கடலை வகைகள் சாப்பிட்டால் எல்.டி.எல். சுமார் 5 சதவீதம் குறையும் என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். ராத்திரி பரோட்டாவின் இடத்தில் கொள்ளு வந்தால் லாபம் இரட்டிப்பு.

மருதம்பட்டை: இருதயத்துக்கு என்று நம் வைத்தியத்தில் நெடுங்காலமாகக் கொடுக்கப்படுவது. சிறு ஆய்வுகளில் நெஞ்சுவலிக்கு ஓரளவு உதவியிருக்கிறது. ஆனால் மாரடைப்பைத் தடுக்கும், ஆயுளைக் கூட்டும் என்று பெரிய ஆய்வில் நிரூபணம் ஆகவில்லை. துணை மருந்தாக இருக்கலாம், மாத்திரைக்கு மாற்றாக அல்ல.

தேங்காய் எண்ணெய்: பக்கத்தில் காங்கேயம் இருக்கிறது, எண்ணெய் மில்லுக்குக் குறைவில்லை. செக்கு எண்ணெய் என்றால் எவ்வளவு வேண்டுமானாலும் ஊற்றலாம் என்று நினைக்காதீர்கள். மற்ற தாவர எண்ணெய்களோடு ஒப்பிட்டால் தேங்காய் எண்ணெய் எல்.டி.எல்.லைச் சுமார் 10 புள்ளி ஏற்றுகிறது. தாளிக்க ஒரு ஸ்பூன் பரவாயில்லை. பொரிக்க வேண்டாம்.

இந்தச் சமையலறை மாற்றங்களையும் நடைப்பயிற்சியையும் சேர்த்தால் 10, 15 சதவீதம் குறைவதை நானே பல பேரிடம் பார்த்திருக்கிறேன். 135 உள்ளவர் 118க்கு வருவார். நல்ல விஷயம்தான். ஆனால் 142 உள்ள ஸ்டென்ட் வைத்தவரை அது 55க்குக் கொண்டு வராது. 2022ல் அமெரிக்காவில் சுமார் 200 பேரிடம் இதையே நேருக்கு நேர் வைத்துப் பார்த்தார்கள். 5 மில்லிகிராம் ரோசுவாஸ்டாட்டின் 28 நாளில் எல்.டி.எல்.லைச் சுமார் 38 சதவீதம் குறைத்தது. பூண்டு, மஞ்சள், இலவங்கப்பட்டை, மீன் எண்ணெய் மாத்திரைகளுக்கும் வெற்று மாத்திரைக்கும் பெரிய வித்தியாசமே தெரியவில்லை.

“மாத்திரை சாப்பிட்டா லிவர் போயிருமா?”

போகாது. ஸ்டாட்டினால் ஈரலுக்குப் பெரிய கேடு வருவது மிக அபூர்வம். ஆரம்பத்தில் ஒரு ஈரல் பரிசோதனை செய்துகொண்டால் போதும்.

“உடம்பெல்லாம் வலிக்குதுங்களே?”

சிலருக்கு உண்மையிலேயே தசைவலி வரும். மறுக்கவில்லை. ஆனால் 2020ல் லண்டனிலிருந்து ஒரு சுவாரசியமான ஆய்வு வெளியானது. பக்கவிளைவால் மாத்திரையை நிறுத்திய 60 பேருக்கு ஒரு மாதம் ஸ்டாட்டின், ஒரு மாதம் வெற்று மாத்திரை, ஒரு மாதம் ஒன்றுமில்லை என்று ஒரு வருஷம் மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். ஸ்டாட்டினில் வந்த தொல்லையில் 90 சதவீதம் வெற்று மாத்திரையிலும் வந்தது! பயம்கூட வலிக்கும். வலித்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். அளவைக் குறைக்கலாம், வேறு ஸ்டாட்டினுக்கு மாற்றலாம். கடுமையான தசைவலியோடு சிறுநீர் காபி நிறத்தில் போனால் மட்டும் ஒரு நாளும் தாமதிக்காமல் ஓடுங்கள்.

“சர்க்கரை வருமாமே?”

எல்லையில் நிற்பவர்களுக்குச் சற்று ஏறலாம். ஆனால் மாரடைப்பைத் தடுப்பதில் கிடைக்கும் லாபம் அதைவிடப் பெரியது. கர்ப்பிணிகளும், குழந்தைக்காகக் காத்திருக்கும் பெண்களும் டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

“மூலிகைக்குப் பக்கவிளைவே கிடையாதுங்களே?”

வேலை செய்கிற எந்தப் பொருளுக்கும் பக்கவிளைவு உண்டு. சில இருதய மாத்திரைகளின் அளவை ரத்தத்தில் குறைத்துவிடுவது குக்குலுவுக்குப் பழக்கம். சிவப்புப் பூஞ்சை அரிசியை ஸ்டாட்டினோடு சேர்த்தால் ஒரே மருந்தை இரட்டை அளவில் சாப்பிடுவதாகும். லேபிள் இல்லாத டப்பாப் பொடியில் என்ன கலந்திருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாது. லைசென்ஸ் எண், தயாரித்த தேதி, சேர்மானங்கள் இல்லாத மருந்தைத் தொடாதீர்கள்.

யார் என்ன செய்ய வேண்டும்?

மாரடைப்பு, ஸ்டென்ட், பைபாஸ், பக்கவாதம் வந்தவர்கள்: ஸ்டாட்டின் அநேகமாக ஆயுளுக்கும். மூலிகையோ உணவோ அதன் மேல் கூடுதலாக மட்டுமே.

எல்.டி.எல். 190ம் அதற்கு மேலும் உள்ளவர்கள்: இது பரம்பரை வழியாக இருக்கலாம். பத்தியத்தால் மட்டும் அடங்காது. பிள்ளைகளுக்கும் பரிசோதனை செய்யுங்கள்.

சர்க்கரை நோய், சிறுநீரக நோய் உள்ளவர்கள், அப்பாவுக்கோ அண்ணனுக்கோ இளவயதில் மாரடைப்பு வந்தவர்கள்: டாக்டரின் ஆலோசனை அவசியம். பெரும்பாலும் மாத்திரை தேவைப்படும்.

வேறு ஆபத்து எதுவும் இல்லாமல் 130, 150 என்று உள்ளவர்கள்: முதலில் மூன்று மாதம் உணவு, நடை, புகையிலைக்கு முழுக்கு. பிறகு மறுபரிசோதனை. தைராய்டையும் ஒருமுறை பாருங்கள். தைராய்டு குறைந்தாலே கொலஸ்ட்ரால் ஏறும், பெண்களுக்கு இது அதிகம். சித்த மருந்து விரும்பினால் இந்தக் காலத்தில் தாராளமாக எடுக்கலாம். ஆனால் மூன்றாம் மாதம் ரிப்போர்ட் என்ன சொல்கிறதோ அதுதான் தீர்ப்பு. குறையவில்லை என்றால் என் மருந்தாக இருந்தாலும் நிறுத்த வேண்டியதுதான்.

எந்த மருந்து எடுத்தாலும் இரண்டு பக்கத்து டாக்டருக்கும் இரண்டையும் சொல்லுங்கள். மறைப்பதில்தான் ஆபத்து.

மாஸ்டர் என்ன ஆனார்?

மறுநாளே இருதய டாக்டரிடம் போனார். மாத்திரை மறுபடி ஆரம்பித்தது. என் பங்குக்கு நான் கொடுத்தது மூன்று விஷயம்: காலையில் நாற்பது நிமிஷ நடை, இரவு இசப்கோல் உமி, கம்பெனி வாசல் போண்டாவுக்குப் பதில் வேக வைத்த கடலை. சூரணம் கொடுக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து வந்தார். எல்.டி.எல். 61. “55க்கு இன்னும் கொஞ்சம் இருக்குதுன்னு டாக்டர் இன்னொரு மாத்திரை சேர்த்திருக்காருங்க” என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, “பொடி டப்பாவைத் தூக்கிப் போட்டுட்டனுங்க” என்றார்.

பக்கத்தில் இருந்த அவர் மனைவி மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினார். ஒவ்வொரு மாத்திரைக்கும் மேல் பேனாவால் தேதி எழுதியிருந்தார். ஒரு நாள்கூட விடுபடவில்லை. 

உங்கள் வீட்டிலும் யாராவது ஒரு மாத்திரை அட்டையை அலமாரியில் பாதியில் போட்டு வைத்திருக்கலாம். இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். ஏன் நிறுத்தினார் என்று கேளுங்கள். நிறுத்தச் சொன்னது டாக்டரா, டீக்கடையா என்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். டீக்கடை என்றால், நாளைக் காலை டாக்டரைப் பார்த்துவிடுங்கள்.